கர்ப்பகால உடற்பருமனும் குடல் நுண்ணுயிரிகளும்

கருவுற்ற பெண்ணின் உடல் எடை, அவரது குடலில் வாழும் நுண்ணுயிரிகள், உடலில் தாழ்ந்த அளவில் நீடித்து நிலவும் அழற்சி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பது 2000-களின் பிற்பகுதியிலிருந்து விரிவாக ஆராயப்பட்டு வரும் ஒரு மருத்துவ அறிவியற் கருத்தாகும். கர்ப்பகால நீரிழிவு, முன்சூல்வலிப்பு, அளவுக்கு மிஞ்சிய எடையுடன் குழந்தை பிறத்தல் போன்ற சிக்கல்கள் உடற்பருமன் கொண்ட பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. எடைக்கும் இச்சிக்கல்களுக்கும் இடையில் உள்ள இணைப்புக் கண்ணிகளில் ஒன்று குடல் நுண்ணுயிரிகளாக இருக்கலாம் என்பதே இத்துறையின் மையக் கருதுகோள். விலங்குகளில் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. மனிதரில் கிடைத்துள்ள சான்றுகள் கலவையானவை. சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரணானவை.

பின்னணி

மனிதக் குடலில், குறிப்பாகப் பெருங்குடலில், பல இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனித உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் நம் உடலில் உள்ளன என்று பல பாடநூல்களில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 2016-ஆம் ஆண்டில் இசுரேலிய ஆய்வாளர்கள் இக்கணக்கை மறுபடி செய்து பார்த்தபோது, 70 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகவும், அவ்வெண்ணிக்கை உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம் என்றும், அவற்றின் மொத்த எடை சுமார் 200 கிராம் மட்டுமே என்றும் தெரிய வந்தது. இருப்பினும் பழைய எண் இன்றும் பல இடங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது.

நம் செரிமான நொதிகளால் சிதைக்க முடியாத நார்ச்சத்துகளை இப்பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட்டு, புரோப்பியோனேட்டு, பியூட்டிரேட்டு ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்டு பெருங்குடற் சுவரிலுள்ள உயிரணுக்களின் முதன்மையான எரிபொருளாகும். அச்சுவர் கசிவின்றி இருப்பதற்கும், குடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அடக்கமாக இயங்குவதற்கும் அது உதவுகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் பல செய்திகளுக்கு இந்தச் சிறிய மூலக்கூறே அடிப்படை என்பதால் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

அழற்சி என்றவுடன் சிவந்து வீங்கிய காயமே நினைவுக்கு வரும். உடற்பருமனில் காணப்படும் அழற்சி அத்தகையது அன்று. வலியோ காய்ச்சலோ இன்றி, குருதியில் சில வேதிப்பொருட்களின் அளவு மட்டும் சற்றே உயர்ந்து ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்று கருதப்பட்டு வந்த நிலையில், 1993-இல் கோகன் ஹோட்டமிஸ்லிகில் உள்ளிட்டோர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அப்பொருளைச் செயலிழக்கச் செய்தால் இன்சுலினின் வேலை சீரடைவதையும் காட்டினர். 2003-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் பெருவிழுங்கிகள் எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் திரளாகக் குடியேறுவதை வெளிப்படுத்தின.

கர்ப்பகாலத்தில் இயல்பாக நிகழும் மாற்றங்கள்

கருவுற்ற பெண்ணின் நோயெதிர்ப்புத் தொகுதி பத்து மாதமும் அடங்கிக் கிடக்கிறது என்பது பழைய கருத்து. கரு கருப்பைச் சுவரில் பதியும் தொடக்கக் காலத்தில் அழற்சி தேவைப்படுகிறது. அது இல்லாவிடில் கரு ஊன்றாது. நடுப்பகுதியில் அழற்சி தணிந்து குழந்தை வளர்கிறது. இறுதியில் மகப்பேற்று வலி தொடங்குவதே ஓர் அழற்சி நிகழ்வுதான். ஆகவே கர்ப்பகாலத்தில் அழற்சி என்பது தன்னளவில் நோயன்று. அது எப்போது, எவ்வளவு, எந்த உறுப்பில் என்பதே கேள்வி.

இன்சுலினைப் பொறுத்தவரையிலும் இதே நிலைதான். நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோசன், புரோசெசுத்தரோன் முதலிய இயக்குநீர்களின் விளைவாகத் தாயின் உடல் இன்சுலினுக்கு மெல்ல மெல்ல இணங்க மறுக்கிறது. மூன்றாம் மும்மாதத்தில் இன்சுலினுக்கான உணர்திறன், கருவுறுவதற்கு முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். தாயின் குருதியில் குளுக்கோசு சற்று நேரம் கூடுதலாகத் தங்கி, நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று சேர்வதற்கான ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதனை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட இயலாதபோது தோன்றுவதே கர்ப்பகால நீரிழிவு. ஏற்கனவே உடற்பருமனால் இன்சுலின் எதிர்ப்பு கொண்ட ஒருவர் கருவுறும்போது, இயல்பான ஏற்பாடு ஒன்றின் மேல் இன்னொரு சுமை ஏறுகிறது எனலாம்.

2012-ஆம் ஆண்டின் பின்லாந்து ஆய்வு

இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் ஆய்வு 2012-இல் செல் ஆய்விதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓம்ரி கோரென், ரூத் லே ஆகியோர் பின்லாந்தின் தூர்க்கு நகர ஆய்வாளர்களுடன் இணைந்து 91 கருவுற்ற பெண்களின் மல மாதிரிகளை முதல் மும்மாதத்திலும் மூன்றாம் மும்மாதத்திலும் ஒப்பிட்டனர்.

முதல் மும்மாதத்தில் இப்பெண்களின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி, கருவுறாத நலமான பெண்களுடையதைப் போன்றே இருந்தது. மூன்றாம் மும்மாதத்தில் அது பெரிதும் மாறியிருந்தது. ஒவ்வொரு பெண்ணின் குடலிலும் நுண்ணுயிர் வகைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதே வேளையில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான வேறுபாடு மிகுந்தது. புரோட்டியோபாக்டீரியா, ஆக்டினோபாக்டீரியா ஆகிய தொகுதிகள் பெருகின. பியூட்டிரேட்டை உண்டாக்கும் ஃபீக்காலிபாக்டீரியம் குறைந்தது. மலத்தில் அழற்சிப் பொருட்கள் கூடின. செரிக்கப்படாது வெளியேறும் ஆற்றலும் கூடியது. கருவுறாத ஒருவரிடம் இம்மாற்றங்களைக் கண்டால் வளர்சிதை மாற்றக் கோளாறு என்றே மருத்துவர் ஐயுறுவார்.

பின்னர் ஆய்வாளர்கள் அம்மாதிரிகளை நுண்ணுயிரற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலுக்கு மாற்றினர். இவ்வெலிகள் கருவுற்றவை அல்ல. மூன்றாம் மும்மாத மாதிரியைப் பெற்ற எலிகள், முதல் மும்மாத மாதிரியைப் பெற்றவற்றைக் காட்டிலும் கூடுதலாகக் கொழுத்தன. இன்சுலினுக்கு இணங்காமையும் அழற்சியும் அவற்றில் மிகுந்தன. கருப்பையோ நஞ்சுக்கொடியோ இன்றி, நுண்ணுயிரிகள் மட்டுமே கர்ப்பகாலத்தின் சில அடையாளங்களைக் கொண்டு செல்கின்றன என்பதே இவ்வாய்வு பெரும் கவனத்தைப் பெற்றதன் காரணம்.

இவ்வாய்வில் அடிக்கடி கவனிக்கப்படாது போகும் செய்தி ஒன்று உண்டு. மேற்கூறிய மாற்றம் மெலிந்தவர், பருத்தவர் என்ற வேறுபாடின்றி நிகழ்ந்தது. உணவின் அளவும் இதை விளக்கவில்லை. எனவே இது உடற்பருமனின் விளைவு என்று கொள்ளாமல், உடல் தானே விரும்பி ஏற்படுத்திக் கொள்ளும் மாற்றமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். குழந்தைக்குக் கூடுதல் ஆற்றலும், பாலூட்டுவதற்குக் கொழுப்புச் சேமிப்பும் தேவைப்படும் காலத்தில் இன்சுலின் எதிர்ப்பு ஒரு நன்மையே.

இம்முடிவு எல்லா இடங்களிலும் உறுதிப்படவில்லை. 2015-இல் சுடான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெல்மன் குழுவினர், ஒரே பெண்ணிடம் குறுகிய இடைவெளிகளில் தொடர்ந்து மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்தபோது, கர்ப்பகாலம் முழுவதும் குடல் நுண்ணுயிர்த் தொகுதி பெரும்பாலும் நிலையாகவே இருந்ததைக் கண்டனர். இரு ஆய்வுகளின் மக்கள், உணவு, மாதிரி எடுக்கும் முறை ஆகிய அனைத்தும் வேறு. மறுபுறம், இயக்குநீர்களே நுண்ணுயிரிகளை நேரடியாக மாற்றக்கூடும் என்பதற்கு 2019-இல் சான்று கிடைத்தது. கோரென் குழுவினர் எலிகளுக்குப் புரோசெசுத்தரோனை அளித்தபோது அவற்றின் குடலில் பிஃபிடோபாக்டீரியம் பெருகியது. தாய்ப்பாலிலுள்ள சர்க்கரைகளை உண்டு, பிறந்த குழந்தையின் குடலில் முதன்முதலில் பெருகும் பாக்டீரியாக்களுள் இதுவும் ஒன்றாகும்.

உடல் எடையும் நுண்ணுயிர் வேறுபாடும்

கருவுற்ற பெண்களை எடைவாரியாகப் பிரித்து ஒப்பிட்ட தொடக்க ஆய்வுகளுள் ஒன்று 2008-இல் தூர்க்கு நகரிலிருந்தே வெளிவந்தது. மிகை எடை கொண்ட 18 பெண்களும் இயல்பான எடை கொண்ட 36 பெண்களும் அதில் ஒப்பிடப்பட்டனர். மிகை எடை கொண்டோரிடம் பாக்டீராய்டசு, சுடாபிலோகாக்கசு ஆகிய பேரினங்கள் கூடுதலாக இருந்தன. இரண்டாண்டுகள் கழித்து எசுப்பானியாவின் கிரனாடா நகரில் 50 பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வில், மிகை எடை கொண்டோரிடம் சுடாபிலோகாக்கசு கூடுதலாகவும் பிஃபிடோபாக்டீரியம் குறைவாகவும் இருந்தன. ஆனால் பாக்டீராய்டசும் குறைவாக இருந்தது; அதாவது பின்லாந்து முடிவுக்கு நேர் எதிர்.

இத்தகைய முரண் கர்ப்பகால ஆய்வுகளுக்கு மட்டும் உரியதன்று. 2006-இல் பீட்டர் டர்ன்பா உள்ளிட்டோர், பருத்த எலியின் குடல் நுண்ணுயிரிகள் அதே உணவிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பிரித்தெடுப்பதாகக் காட்டிய பின்னர், உடற்பருமனுக்கென ஒரு நுண்ணுயிர் முத்திரை உண்டு என்ற எண்ணம் வலுவாகப் பரவியது. 2016-இல் அதுவரை வெளியான மனித ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கே சேர்த்து மீளாய்வு செய்த மார்க் சே, பாட்ரிக் ஷ்லாஸ் ஆகியோர், அம்முத்திரை மிகவும் மங்கலானது என்றும், பெரும்பாலான ஆய்வுகள் அதைக் கண்டறியும் அளவுக்குப் பெரியவை அல்ல என்றும் கண்டனர். ஆகவே இன்ன பாக்டீரியா இருந்தால் உடல் பருக்கும், இன்னது இருந்தால் மெலியும் என்று பட்டியலிடும் கட்டுரைகளை ஐயத்துடன் படிப்பதே முறை.

தனித்தனிப் பெயர்களைக் காட்டிலும், நுண்ணுயிரிகள் செய்யும் வேலையைக் கொண்டு பார்க்கும்போது படம் சற்றுத் தெளிவடைகிறது. ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் மிகை எடையும் உடற்பருமனும் கொண்ட கருவுற்ற பெண்களை 16-ஆவது வாரத்தில் ஆராய்ந்த குழு, பியூட்டிரேட்டை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தோரிடம் குருதி அழுத்தம் தாழ்ந்திருந்ததை 2016-இல் அறிவித்தது. அதே குழுவின் மற்றோர் ஆய்வில், நார்ச்சத்தைக் குறைவாக உண்டோரிடம் காலின்செல்லா என்னும் பாக்டீரியா பெருகியிருந்தது. அப்பாக்டீரியா மிகுந்தோரிடம் குருதியில் இன்சுலின் அளவும் கூடியிருந்தது.

அழற்சி தோன்றும் வழிகள்

குடலிலிருந்து அழற்சி எவ்வாறு உடலெங்கும் பரவுகிறது என்பதற்கு முன்வைக்கப்படும் முதன்மையான விளக்கம் அகநச்சு பற்றியது. கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் புறச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறு உள்ளது. நம் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் இதனை அடையாளம் கண்டவுடன் பாக்டீரியாத் தாக்குதல் நிகழ்வதாகக் கருதி அழற்சியைத் தூண்டுகின்றன. உயிருள்ள பாக்டீரியா குருதிக்குள் நுழையத் தேவையில்லை. அதன் சிதைந்த துணுக்கே போதும். 2007-இல் பாட்ரிசு கானி, ரெமி பர்சலின் உள்ளிட்டோர், நான்கு வாரங்கள் கொழுப்பு மிகுந்த உணவளிக்கப்பட்ட எலிகளின் குருதியில் இம்மூலக்கூறு இரண்டு முதல் மூன்று மடங்கு உயர்வதைக் கண்டனர். இயல்பான உணவுண்ணும் எலிகளுக்கு அதே அளவு லிப்போபாலிசாக்கரைடைத் தொடர்ந்து செலுத்தியபோது அவையும் எடை கூடி இன்சுலின் எதிர்ப்பைப் பெற்றன. இந்நிலைக்கு அவர்கள் வளர்சிதை மாற்ற அகநச்சேற்றம் என்று பெயரிட்டனர். கடுமையான தொற்றில் காணப்படும் அளவோடு ஒப்பிட இது மிகச் சிறியது.

கருவுற்ற பெண்களிலும் இதையொத்த நிலை காணப்பட்டுள்ளது. 2011-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆய்வாளர்கள், கருவுறுவதற்கு முன்பே உடற்பருமன் கொண்டிருந்த பெண்களின் குருதியில் மகப்பேற்றின்போது அகநச்சின் அளவு மெலிந்தோரைவிடக் கூடுதலாக இருந்ததையும், அவர்களின் கொழுப்புத் திசுவில் அழற்சிக்கான குறிகள் மிகுந்திருந்ததையும் அறிவித்தனர். உடற்பருமன் கொண்ட கர்ப்பிணிகளின் குருதியில் சி-எதிர்வினைப் புரதம், இன்டர்லூக்கின்-6 ஆகியன உயர்ந்திருப்பதையும், அவர்களின் குருதிக் குழாய்கள் விரிவடையும் திறன் குன்றியிருப்பதையும் கிளாசுகோ ஆய்வாளர்கள் 2002-இலேயே காட்டியிருந்தனர். எனினும் குருதியில் அகநச்சை அளக்கும் சோதனை எளிதில் பிழைபடக் கூடியது. குருதியிலுள்ள பிற பொருட்கள் அச்சோதனையின் வேதிவினையில் குறுக்கிடும். ஆகையால் இத்தகைய எண்களைத் துல்லியமான அளவீடுகளாகக் கொள்ளாமல் போக்கைக் காட்டுவனவாகக் கொள்ள வேண்டும்.

பொறியியலில் பின்னூட்டச் சுற்று என்று கூறுவதை இங்குக் காணலாம். எடை கூடுவதால் கொழுப்புத் திசு அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. அழற்சி குடற்சுவரைத் தளர்த்துகிறது. தளர்ந்த சுவர் வழியே அகநச்சு கசிந்து கொழுப்புத் திசுவை மேலும் தூண்டுகிறது. இச்சுற்றில் எது முதல், எது விளைவு என்று ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை மாதிரியைக் கொண்டு சொல்ல இயலாது.

கர்ப்பகால நீரிழிவுடன் தொடர்பு

முதல், விளைவு என்னும் சிக்கலை அவிழ்க்கும் திசையில் 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்போது இசுரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் இருந்த கோரென் குழுவினர் 394 பெண்களிடம் முதல் மும்மாதத்திலேயே மாதிரிகளைச் சேகரித்து வைத்தனர். கர்ப்பகால நீரிழிவுக்கான சோதனை வழக்கமாக 24 முதல் 28 வாரங்களில் செய்யப்படுகிறது. அச்சோதனையில் பின்னர் நோய் கண்டறியப்பட்ட 44 பெண்களின் முதல் மும்மாத மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குருதியில் அழற்சிப் பொருட்கள் உயர்ந்தும், மலத்தில் சில குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குறைந்தும் இருந்தது தெரிந்தது. அப்பெண்களின் முதல் மும்மாத மல மாதிரிகளைப் பெற்ற நுண்ணுயிரற்ற எலிகள் இன்சுலின் எதிர்ப்பைப் பெற்றன. கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே யாருக்கு நோய் வரக்கூடும் என்று கணிக்கும் வழி ஒன்று இதனால் திறக்கலாம். எனினும் அத்தகைய சோதனை எதுவும் வழக்கமான மகப்பேற்று மருத்துவத்தில் இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்நோயின் பரவல் சிறியதன்று. மருத்துவர் வீ. சேஷய்யா தலைமையில் 2005 முதல் 2007 வரை நடத்தப்பட்ட மக்கள் ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு நகர்ப்புறப் பெண்களில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறுநகர்ப் பெண்களில் 13.8 விழுக்காட்டினருக்கும், சிற்றூர்ப் பெண்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் இருந்தது. கருவுற்ற அனைவருக்கும் இதற்கான சோதனையைச் செய்யும் முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் அதனைத் தொடர்ந்து நடைமுறைக்கு வந்தது. வெறும் வயிற்றுடன் வரத் தேவையின்றி 75 கிராம் குளுக்கோசைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை குருதி எடுத்து, 140 மில்லிகிராம் அளவை எட்டினால் நோய் எனக் கொள்வது இம்முறையின் சாரம். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் ஒரு பெண்ணை மறுநாள் பட்டினியாக மீண்டும் வரச் சொன்னால் அவர் வராமலே போகக்கூடும் என்ற நடைமுறை உண்மையின் மேல் எழுந்த முறை இது.

நஞ்சுக்கொடியும் கருவும்

சூல்வித்தகம் என்றும் அழைக்கப்படும் நஞ்சுக்கொடி, தாயின் அழற்சி குழந்தையை எட்டாது தடுக்கும் அரணாகவும் அதே அழற்சியால் தாக்குண்ணும் உறுப்பாகவும் உள்ளது. உடற்பருமன் கொண்ட பெண்களின் நஞ்சுக்கொடியில் பெருவிழுங்கிகள் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுந்திருப்பதாக 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழற்சிப் பொருட்களுள் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியைக் கடந்து நேரடியாகக் குழந்தையை அடைவதில்லை. மாறாக, நஞ்சுக்கொடி ஊட்டப்பொருட்களைக் கடத்தும் வேகத்தை அவை மாற்றுகின்றன. குழந்தையின் எடை அதனால் மாறுகிறது.

நஞ்சுக்கொடிக்கே சொந்தமான நுண்ணுயிர்த் தொகுதி உண்டா என்பது பல ஆண்டுகள் நீடித்த சர்ச்சை. உண்டு என்று 2014-இல் அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த செர்ஸ்டி ஆகார்டு குழுவினர் அறிவித்தனர். கருப்பை நுண்ணுயிரற்றது என்ற நூறாண்டுக் கருத்தையே இது அசைத்தது. ஆனால் நுண்ணுயிரிகள் மிகக் குறைவாக உள்ள மாதிரிகளில், ஆய்வுக்குப் பயன்படும் வேதிக் கரைசல்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரிய டி.என்.ஏ.வே மாதிரியில் இருப்பதுபோலத் தோன்றும். 2019-இல் கேம்பிரிச்சு ஆய்வாளர்கள் 537 பெண்களின் நஞ்சுக்கொடிகளை இக்கலப்படத்தைக் கழித்து ஆராய்ந்தபோது, நலமான நஞ்சுக்கொடியில் நிலையான நுண்ணுயிர்த் தொகுதி எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தனர். ஏறத்தாழ 5 விழுக்காட்டு மாதிரிகளில் மட்டும் பிரிவு-பி சுட்ரெப்டோகாக்கசு பாக்டீரியா காணப்பட்டது.

ஆயின் தாயின் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் கருவை எவ்வாறு பாதிக்க முடியும்? அவை உண்டாக்கும் வேதிப்பொருட்கள் வழியாக என்பதே விடை. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 2016-இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதை நுட்பமாகக் காட்டியது. நுண்ணுயிரற்ற கருவுற்ற எலிகளின் குடலில், தானே பெருக இயலாத இ.கோலை வகையொன்று சில நாட்கள் மட்டும் இருக்குமாறு செய்யப்பட்டது. மகப்பேற்றுக்கு முன்னரே தாய் எலி மீண்டும் நுண்ணுயிரற்றதாகிவிட்டது. ஆகவே குட்டிகள் எந்தப் பாக்டீரியாவையும் சந்திக்கவில்லை. இருந்தும் அவற்றின் குடலில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன. 2020-இல் சப்பானிய ஆய்வாளர்கள், தாய் எலியின் குடலில் உண்டாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் கருவை அடைந்து அங்குள்ள ஏற்பிகளைத் தூண்டுவதாகவும், இத்தூண்டல் கிட்டாத குட்டிகள் வளர்ந்தபின் எளிதில் பருத்துவிடுவதாகவும் கண்டனர். மனிதரில் இத்தகைய சோதனையைச் செய்ய இயலாது.

நலநுண்ணுயிரிச் சோதனைகள்

நுண்ணுயிரிகளே காரணமெனில் நல்ல நுண்ணுயிரிகளைக் கொடுத்துத் தீர்க்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். இதுவரை நடந்த சோதனைகள் அவ்வெண்ணத்துக்குக் கடிவாளமிட்டுள்ளன.

2010-இல் தூர்க்கு நகரில் 256 பெண்களிடம் நடந்த சோதனையில், உணவு ஆலோசனையுடன் லாக்டோபாசில்லசு ராம்னோசசு ஜி.ஜி., பிஃபிடோபாக்டீரியம் லாக்டிசு பி.பி.-12 ஆகிய இரண்டையும் பெற்ற குழுவில் 13 விழுக்காட்டினருக்கே கர்ப்பகால நீரிழிவு வந்தது. உணவு ஆலோசனையுடன் மருந்துப்போலியைப் பெற்ற குழுவில் இது 36 விழுக்காடு. இம்முடிவு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் பிரிசுபேன் நகரில், மிகை எடையோ உடற்பருமனோ கொண்ட 411 பெண்களிடம் இதே இரு பாக்டீரியாக்களைக் கொண்டு செய்யப்பட்ட பெரிய சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தபோது, நலநுண்ணுயிரிகளைப் பெற்ற குழுவில் 18.4 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலிக் குழுவில் 12.3 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நிகழக்கூடிய அளவினதே. ஆயினும் பயன் உண்டு என்று கூற வழியே இல்லாது போயிற்று. அதே ஆண்டில் தூர்க்கு நகரிலேயே மிகை எடை கொண்ட 439 பெண்களிடம் வேறு வகைப் பாக்டீரியாக்களைக் கொண்டு செய்யப்பட்ட சோதனையும் பயனைக் காட்டவில்லை.

இதனினும் கவலைக்குரிய செய்தி 2021-இன் காக்ரேன் மீளாய்வில் வந்தது. சோதனைகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, நலநுண்ணுயிரிகளைப் பெற்ற பெண்களிடம் முன்சூல்வலிப்பு கூடுதலாக இருந்தது. கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் குருதி அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளைத் தாக்கும் முன்சூல்வலிப்பு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஊறு விளைவிக்கக் கூடியது. கடையில் மருத்துவச் சீட்டின்றிக் கிடைக்கும், தீங்கற்றது என்று நம்பப்படும் ஒரு பொருள் என்பதால் இம்முடிவுக்குக் கூடுதல் கவனம் தேவை. கருவுற்றிருக்கும்போது இத்தகைய மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்ணாமல் மருத்துவரைக் கேட்பது நல்லது. இச்சோதனைகள் அனைத்தும் குறிப்பிட்ட பாக்டீரியாக்களைப் பெருமளவில் கொண்ட மாத்திரைகளையும் உறைகளையும் பற்றியவை. வீட்டில் உறை ஊற்றிய தயிரை உண்பது குறித்து அவை எதுவும் கூறவில்லை.

எடை அளவுகள்

கர்ப்பகாலத்தில் எவ்வளவு எடை கூடலாம் என்பதற்கு அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வகுத்த அளவுகளே உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. கருவுறுமுன் உடல் நிறைச் சுட்டெண் 18.5-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோகிராம், 18.5 முதல் 24.9 வரை இருந்தவர்களுக்கு 11.5 முதல் 16, 25 முதல் 29.9 வரை இருந்தவர்களுக்கு 7 முதல் 11.5, 30-உம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 5 முதல் 9 கிலோகிராம் என்பன அவை. உடற்பருமன் கொண்டவரும் சிறிதளவு எடை கூடவே வேண்டும் என்பதைக் கவனிக்கவும். கர்ப்பகாலம் எடை குறைப்புக்கான காலமன்று.

இவ்வெல்லைகளைத் தெற்காசியப் பெண்களுக்கு அப்படியே பொருத்துவதில் சிக்கல் உள்ளது. ஒரே சுட்டெண்ணில் தெற்காசியர் உடலில் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, ஐரோப்பியரைவிடக் கூடுதல். 2004-இல் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களையும் நடவடிக்கை எல்லைகளாகச் சேர்த்தது. இவ்வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது. புனே நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் மருத்துவர் சித்தரஞ்சன் யாச்னிக் உள்ளிட்டோர் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். புனே குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய காக்கப்பட்டிருந்தது. ஆகவே எடை பார்க்கும் கருவியில் மெலிந்தவராகத் தெரியும் ஒரு தாய்க்கு மேலே கூறிய அழற்சியும் இன்சுலின் எதிர்ப்பும் இராது என்று கருத இயலாது.

கருவுற்றவர் இருவருக்காக உண்ண வேண்டும் என்ற அறிவுரை நம் வீடுகளில் இன்றும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கிலோகலோரி. இது இரண்டாவது ஆளின் உணவன்று. ஒரு சிறிய வேளை உணவுக்கும் குறைவு.

ஆய்வுகளின் வரம்புகள்

மேற்கூறிய மனித ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய பகுதிகளில் சில பத்து அல்லது சில நூறு பெண்களிடம் செய்யப்பட்டவை. அரிசி, பருப்பு, புளித்த மாவு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட உணவை உண்போரிடம் அதே முடிவுகள் கிடைக்கும் என்று கொள்ள முடியாது. எலிகளின் கர்ப்பகாலம் சுமார் 20 நாட்கள். அவற்றின் குடல் நுண்ணுயிரிகளும் உணவும் வேறு.

தரவுகளைக் கையாளும் முறையிலும் ஒரு பொறி உள்ளது. மலத்திலுள்ள பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் மரபணு வரிசைமுறை ஆய்வுகள் பெரும்பாலும் விழுக்காடுகளையே தருகின்றன. மொத்தம் எப்போதும் நூறு. ஆகவே ஒரு வகை குறைந்தால், மற்றவை உண்மையில் பெருகாத போதிலும் பெருகியதுபோலத் தோன்றும். மருத்துவமனையில் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், கர்ப்பகாலத்தில் பொதுவாகக் காணப்படும் மலச்சிக்கல் ஆகிய ஒவ்வொன்றும் நுண்ணுயிர்த் தொகுதியை மாற்றக் கூடியவை. எல்லா ஆய்வுகளும் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உடற்பருமன் கொண்ட கர்ப்பிணிகளின் உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிய பெரிய சோதனைகளும் எளிய விடையைத் தரவில்லை. பிரித்தானியாவில் 1,555 பெண்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான சோதனையில், ஆலோசனை பெற்றோரின் எடை அதிகரிப்பு சற்றுக் குறைந்தது. கர்ப்பகால நீரிழிவு குறையவில்லை. கருவுற்றபின் தொடங்கும் மாற்றம் காலந்தாழ்ந்தது என்று கருதும் ஆய்வாளர்கள், கருவுறுவதற்கு முன்னரே பெண்களைச் சேர்த்துச் சோதனைகளை நடத்தத் தொடங்கியுள்ளனர்.